சனி எதிரே நின்றால் ஊர் கொந்தளிக்குமா? சேதுக்கரையிலிருந்து ஒரு கணக்கு

தேவிபட்டினம் கடலுக்குள் ஒன்பது கற்கள் நிற்கின்றன. இலங்கைக்குப் புறப்படும் முன் சனி தோஷம் நீங்க ராமர் நவகிரகங்களைப் பிடித்து வைத்த இடம் என்கிறது தலபுராணம். நாங்கள் நவபாஷாணம் என்போம். சனிப்பெயர்ச்சி சமயத்தில் போனால், நவதானியப் பொட்டலத்தோடு வந்த கூட்டம் கற்களைச் சுற்றிக்கொண்டிருக்கும். அப்படி ஒரு நாள் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அக்கா, பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார்: "சனியும் செவ்வாயும் நேருக்கு நேர் பார்க்கப் போகுதாம்ல. நாட்டுல பெரிய கலவரம் வரும்னு சொல்றாங்களே, நெசமாண்ணே?"

அந்த அண்ணனுக்குப் பதில் தெரியவில்லை. எனக்கும் நின்ற இடத்தில் சுருக்கமாகச் சொல்லத் தெரியவில்லை. அந்த அக்காவின் மகன் விசைப்படகில் போகிறவன் என்று பேச்சில் தெரிந்தது. மகனைக் கடலுக்கு அனுப்பிவிட்டுக் கேட்கிறவரின் கேள்வியைத் தட்டிவிட்டுப் போக மனசு வரவில்லை. அதற்கு ஒழுங்கான பதில் தேடியதில் வந்ததுதான் இந்தக் கட்டுரை.

முதலில், கிரகங்கள் எதிரெதிரே நிற்பது என்றால் என்ன? பௌர்ணமி மாலையில் பாம்பன் சாலைப் பாலத்தின் நடுவில் நின்றால் கண்ணாலேயே பார்க்கலாம். மண்டபம் பக்கம் சூரியன் இறங்கும், தீவுப் பக்கம் நிலா ஏறும். நடுவில் நாம். இரண்டுக்கும் இடையே 180 பாகை. ஜோதிடர்கள் இதை ஏழாம் பார்வை என்பார்கள், சமசப்தமம் என்பார்கள். ஒரு ராசியிலிருந்து எண்ணினால் ஏழாவது ராசி நேர் எதிர். எல்லாக் கிரகத்துக்கும் இந்த ஏழாம் பார்வை உண்டு. செவ்வாய்க்கு 4, 8, குருவுக்கு 5, 9, சனிக்கு 3, 10 என்று கூடுதல் பார்வைகளும் உண்டு.

செவ்வாய், குரு, சனி ஆகியவை சூரியனுக்கு எதிரே வரும் நாட்களில் சூரியன் மறையும்போது அவை உதிக்கும். இரவு முழுக்கத் தெரியும். பூமிக்கு மிக அருகில் இருப்பதால் பிரகாசமாகவும் இருக்கும். அந்தச் சமயத்தில்தான் வக்ரமும் நடக்கும். உள்வட்டத்தில் வேகமாகச் சுற்றும் பூமி, வெளியே மெதுவாகப் போகும் கிரகத்தை முந்துகிறது. நாம் போகும் ரயில் பக்கத்துத் தண்டவாளத்து ரயிலை முந்தும்போது அது பின்னால் நகர்வதுபோலத் தெரியுமே, அப்படித்தான். இந்த வக்ரத்தால் இரண்டு மெதுவான கிரகங்கள் ஒரு முறை எதிர்ப்பட்டால் துல்லியமான எதிர்நிலை மூன்று முறை, சில சமயம் ஐந்து முறை வரும். முன்னும் பின்னும் போய் வருவதில் ஓர் எதிர்நிலை ஒன்றிரண்டு வருடம் நீடித்துவிடும்.

எங்கள் கரையில் எதிர்நிலைக்கு நிஜமான வேலை ஒன்று உண்டு. சூரியனும் நிலாவும் ஒரே பக்கம் நிற்கும் அமாவாசையிலும், எதிரெதிரே நிற்கும் பௌர்ணமியிலும் இரண்டின் இழுப்பும் ஒன்றுசேர்ந்து கடல் அதிகமாக ஏறி அதிகமாக வற்றும். பாக் நீரிணையில் இந்த ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆனாலும் ஆழமில்லாத கடலில் வத்தை ஓட்டுகிறவருக்கு அந்த முக்கால் மீட்டர் பெரிய விஷயம். கடலை இழுப்பதில் சூரியனின் பலம் நிலாவின் பலத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவு. மற்ற கிரகங்களில் வெள்ளி மிக நெருங்கி வரும் நாளிலும் நிலாவின் பலத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. சனி, செவ்வாயைச் சொல்லவே வேண்டாம். கிரகங்களின் இழுப்பு மனிதரைக் கொந்தளிக்க வைக்கிறது என்ற பேச்சை இதோடு விட்டுவிடலாம்.

ஆனால் நல்ல ஜோதிடர் யாரும் இழுப்பைப் பற்றிப் பேசுவதில்லை. கிரகம் காரணம் இல்லை, அடையாளம் என்பார்கள். கடிகார முள் விடியலை உண்டாக்குவதில்லை, ஆனால் விடியலைக் காட்டுகிறது என்பதுபோல. இது மதிக்க வேண்டிய வாதம், பழைய வாதமும்கூட. 6ஆம் நூற்றாண்டின் ஜோதிட அறிஞர் வராகமிகிரர் தனிமனிதர் ஜாதகத்தோடு நிற்கவில்லை. நாடுகளின் பலன் சொல்லவும் முறை வகுத்தார். ஆமை வடிவமாகப் பாரதத்தைப் பிரித்து நட்சத்திரங்களைப் பங்கிட்டதில், இலங்கை முதலான தென்திசை நாடுகளுக்கு உத்திரம், அஸ்தம், சித்திரை ஆகிய மூன்றும் வந்தன. அந்த நட்சத்திரங்களில் பாவக்கிரகம் நின்றால் தெற்கே கேடு என்பது கணக்கு. பின்னால் மேற்கத்திய ஜோதிடர்கள் 1781இல் கண்டுபிடிக்கப்பட்ட யுரேனஸையும், 1846இல் நெப்டியூனையும், 1930இல் புளூட்டோவையும் சேர்த்துக்கொண்டார்கள். இன்றைக்குக் கைபேசியில் வரும் 'உலகப் புரட்சி வரும்' வகைப் பலன்களில் பெரும்பகுதி இந்த மெதுவான கிரகங்களின் எதிர்நிலையை வைத்துத்தான். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் யுரேனஸும் புளூட்டோவும் எதிரெதிரே நின்றன என்பது அவர்கள் அடிக்கடி காட்டும் சான்று. வானியல்படி அது சரியான தகவல்தான்.

அடையாளம் என்றால் சோதித்துப் பார்க்கலாம் அல்லவா? சோதிக்க வெகுதூரம் போக வேண்டாம்.

1962 பிப்ரவரி 3 முதல் 5 வரை சூரியன், சந்திரன், செவ்வாய், புதன், குரு, வெள்ளி, சனி, கேது என எட்டும் மகரத்தில் கூடின. எதிரே கடகத்தில் ராகு மட்டும். அமாவாசையோடு சூரிய கிரகணமும் சேர்ந்துகொண்டது. அஷ்டகிரகச் சேர்க்கை, உலகம் அழியப்போகிறது என்று இந்தியா முழுக்கப் பேச்சு. ஊருக்கு ஊர் யாகம், பூஜை. பயணத்தையும் கல்யாணத்தையும் தள்ளிப்போட்டார்கள். எட்டு ஒரு பக்கம், ஒன்று எதிர்ப்பக்கம் என்ற அமைப்பை மனித ஆயுளில் ஒரு முறை பார்த்தாலே அதிகம். மூன்று நாளும் சும்மா கடந்து போயின. அக்டோபரில் சீனப் போர் வந்தபோது 'அதன் பலன்தான் இது' என்றார்கள். பிப்ரவரிக்குச் சொன்ன பலனை எட்டு மாதம் தள்ளி எடுத்துக்கொள்ளலாம் என்றால் எந்தப் பலனும் பொய்க்காது.

எங்கள் கரையின் பிரளயம் 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு வந்தது. தெற்கு அந்தமான் கடலில் உருவாகி, இலங்கையின் வவுனியா பகுதியைக் கடந்து, பாக் நீரிணைக்குள் நுழைந்த புயல். ஆழமில்லாத கடலில் காற்று தள்ளிய தண்ணீர் போக வழியில்லாமல் சுவர்போல எழுந்து தனுஷ்கோடியை மூடியது. ஊரை நெருங்கிக்கொண்டிருந்த 653ஆம் எண் பாசஞ்சர் ரயில் உள்ளிருந்தவர்களோடு போனது. ரயில் நிலையமும் தேவாலயமும் இன்று மொட்டைச் சுவராக நிற்கின்றன. அந்த இரவுக்கு யாரும் யாகம் வளர்க்கவில்லை. மூன்று நாள் முன்பு பௌர்ணமியும் சந்திர கிரகணமும் இருந்தது என்று பின்னால் எடுத்துச் சொன்னவர்கள் உண்டு. சந்திர கிரகணம் பெரும்பாலான வருடங்களில் இரண்டு மூன்று வரத்தான் செய்கிறது. அந்தத் தமிழ் வருடத்தின் பெயர் குரோதி. அறுபது வருடம் கழித்து 2024இல் குரோதி திரும்ப வந்தபோது, ராமேசுவரத்தில் வயதானவர்கள் சிலர் பயந்தார்கள். நவம்பரில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டி வீடுகளில் தண்ணீர் புகுந்தது. தனுஷ்கோடி போல எதுவும் நடக்கவில்லை.

சரி, புயல் இயற்கை. கேள்வி சமூகக் கொந்தளிப்பைப் பற்றியது. எங்கள் பகுதியை உலுக்கிய ஆறு காலங்களை எடுத்து, குரு, சனி, யுரேனஸ், நெப்டியூன், புளூட்டோ ஆகிய ஐந்தின் நிலைகளையும் வைத்துப் பார்த்தேன். ஜோதிடர்கள் இந்த மெதுவான கிரகங்களுக்குத் தாராளமாகத் தரும் 15 பாகை இடைவெளியை நானும் தந்தேன்.

முதல் மூன்றும் பொருந்துகின்றன. 1795இல் துணி வணிகத்திலும் சுங்கத்திலும் கம்பெனியோடு மோதிய ராமநாதபுர மன்னர் முத்துராமலிங்க சேதுபதி பதவி பறிக்கப்பட்டுச் சிறை வைக்கப்பட்டார். 1809இல் சென்னைக் கோட்டைச் சிறையிலேயே இறந்தார். 1799இல் முதுகுளத்தூர்ச் சீமையில் மயிலப்பன் சேர்வைக்காரரின் கிளர்ச்சி. 1801இல் மருது சகோதரர்கள் தூக்கு. இதன் தொடக்கம் யுரேனஸ் புளூட்டோ எதிர்நிலைக்குள் வருகிறது, பாரிஸுக்கு வந்த அதே எதிர்நிலை. அடுத்து 1965. மொழிப்போர், உணவுப் பஞ்சம், 1967இல் ஆட்சி மாற்றம். கும்பத்தில் சனி, எதிரே சிம்மத்தில் யுரேனஸும் புளூட்டோவும். மூன்றாவது, 2009. இலங்கையில் போர் முடிந்த விதமும், இங்கே தமிழ்நாட்டில் எழுந்த தவிப்பும். அந்த வருடத் தொடக்கத்தில் சிம்மத்தில் சனி, கும்பத்தில் யுரேனஸ். அதே இரண்டு ராசிகள், இடம் மட்டும் மாறி. ராசிக்கட்டத்தை வரைந்து பார்த்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. இந்தக் கலையில் ஏன் புத்திசாலிகளும் மூழ்கிப்போகிறார்கள் என்பது அந்த நிமிடத்தில் புரிந்தது.

அப்புறம் மற்ற மூன்றையும் வரைந்தேன்.

1957 செப்டம்பர். முதுகுளத்தூர் கலவரம். மாவட்ட நிர்வாகம் அமைதிக் கூட்டம் நடத்திய மறுநாள், 11ஆம் தேதி இரவு, பரமக்குடியில் ஒடுக்கப்பட்ட மக்களின் தலைவர் இம்மானுவேல் சேகரன் கொல்லப்பட்டார். 14ஆம் தேதி கீழத்தூவலில் போலீஸ் துப்பாக்கியில் ஐந்து பேர் இறந்தார்கள். இந்த மாவட்டத்தின் 20ஆம் நூற்றாண்டில் இதைவிடப் பெரிய சமூகக் காயம் இல்லை. இன்றும் செப்டம்பர் வந்தால் தடையுத்தரவு போடுகிறார்கள். வானத்தில்? ஐந்து கிரகங்களும் கடகம் முதல் விருச்சிகம் வரை ஐந்து ராசிக்குள். ஓர் எதிர்நிலைகூட இல்லை.

1983 ஜூலை. கொழும்பில் 24ஆம் தேதி இரவு தமிழர்கள் மேல் தொடங்கிய வன்முறை, கறுப்பு ஜூலை. இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இதுதான் எங்கள் கரையின் முகத்தையே மாற்றியது. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு 30 கிலோமீட்டர்கூட இல்லை. படகு படகாகச் சனம் வந்து இறங்கியது. ஒரு காலத்தில் இங்கிருந்து தோட்ட வேலைக்குப் போனவர்களை நோய்த் தடுப்புக்காக அடைத்துவைத்த மண்டபம் முகாம், அங்கிருந்து உயிருக்குத் தப்பி வந்தவர்களின் முகாமாக ஆனது. மீன்பிடிக் கடல் போர்க்கடல் ஆனது. முன்பு பண்டமாற்றுக்கும் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கும் போய் வந்த தண்ணீரில் துப்பாக்கி முளைத்தது. ஆறு நிகழ்வுகளில் எந்த ஒன்றுக்கு வானம் சாட்சி சொல்ல வேண்டும் என்று கேட்டால் இதற்குத்தான் சொல்ல வேண்டும் என்பேன். அன்றைக்கு மெதுவான கிரகங்கள் ஐந்தும் துலாம், விருச்சிகம், தனுசு என்ற மூன்றே ராசிகளில், சுமார் 60 பாகைக்குள் கூடியிருந்தன. சூரியனுக்கு எதிரே நிலா மட்டும் இருந்தது, ஏனென்றால் அது பௌர்ணமி இரவு. அது மாதா மாதம் வருவது.

2022 மார்ச். இலங்கைப் பொருளாதாரம் சரிந்து, மண்ணெண்ணெய்க்கும் பால்மாவுக்கும் வரிசை நின்று, தாங்காமல் தனுஷ்கோடி மணல் திட்டுகளில் மறுபடியும் குடும்பங்கள் வந்து இறங்கின. ஐந்து கிரகங்களும் மகரத்திலிருந்து மேஷத்துக்குள். எதிர்நிலை இல்லை.

ஆறில் மூன்று. இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஐந்து கிரகங்களிலிருந்து பத்து ஜோடிகள் வரும். முன்னால் 15, பின்னால் 15 என்று 30 பாகை இடம் கொடுத்தால், 360 பாகை வட்டத்தில் ஒவ்வொரு ஜோடியும் தன் காலத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு எதிர்நிலையில் இருக்கும். பத்து ஜோடிகளையும் சேர்த்துப் பார்த்தால், எந்த ஒரு நாளை எடுத்தாலும் ஏதாவது ஓர் எதிர்நிலை இருப்பதற்கான வாய்ப்பு பாதிக்கு மேல், நூற்றுக்கு ஐம்பத்தெட்டு அளவில். கண்ணை மூடிக்கொண்டு ஆறு தேதி எடுத்திருந்தாலும் மூன்று நான்கு பொருந்தியிருக்கும். ஆறு நிகழ்வு சிறிய எண்ணிக்கைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பொருந்தாத மூன்றில் இரண்டு எங்களை அதிகம் சிதைத்தவை என்பதை என்னால் ஒதுக்க முடியவில்லை.

பொருந்தாதபோது வேறு விதியைத் தேடுவது வழக்கம். 1983க்கு எதிர்நிலை இல்லையென்றால் 'ஐந்தும் ஒன்றுகூடியதால்தான்' என்பார்கள். கூடினாலும் கேடு, எதிர்த்தாலும் கேடு, நாலாம் வீட்டில் நின்றாலும் பார்வை. அந்த அக்கா கேட்ட சனி செவ்வாய் எதிர்நிலை ஏறத்தாழ இரண்டு வருடத்துக்கு ஒரு முறை வரும். ராகுவும் கேதுவும் என்றைக்கும் எதிரெதிரேதான் இருக்கும், ஒரு நாளும் விலகாது. பயப்பட நினைத்தால் பஞ்சாங்கத்தில் எந்தப் பக்கத்திலும் காரணம் கிடைக்கும்.

எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் தருவது வேறு. 1957க்குச் சனியைக் கை காட்டினால், சமமாக உட்காரக் கேட்டவனைத் தாங்க முடியாத சாதி ஆதிக்கம் பேச்சிலிருந்து நழுவிப்போகிறது. 1983க்குக் கிரகச் சேர்க்கையைச் சொன்னால், 1958இலும் 1977இலும் நடந்த தாக்குதல்களும், 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாண நூலகமும் மறைந்துபோகின்றன. ஒவ்வொன்றும் அடுத்து வரப்போவதை வெளிப்படையாகச் சொன்ன அடையாளம். 2022க்கும் அப்படித்தான். அந்நியச் செலாவணி தீர்ந்ததும், ஒரே இரவில் ரசாயன உரத்தைத் தடை செய்து விளைச்சல் விழுந்ததும் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தவை. இந்த அடையாளங்களைப் படிக்க ராசிக்கட்டம் தேவைப்படவில்லை.

நம் பழைய புலவர்கள் இதில் தெளிவாக இருந்திருக்கிறார்கள். வானக்குறிகளை அவர்கள் நம்பினார்கள், நன்றாகவே நம்பினார்கள். புறநானூற்றின் 117ஆம் பாட்டில் கபிலர் மூன்று கெட்ட குறிகளை அடுக்குகிறார்: சனி புகைவது, வால்மீன் தோன்றுவது, வெள்ளி தெற்கே ஓடுவது. சனிக்கு அவர் வைத்த பெயர் மைம்மீன், கரிய மீன். இத்தனையும் நடந்தாலும் பாரியின் நாட்டில் வயல் நிறையும், பூ மலரும், மழை தப்பாது என்கிறார். அதற்கு அவர் சொல்லும் காரணம், கோல் செம்மையாக இருந்தது. 35ஆம் பாட்டில் வெள்ளைக்குடி நாகனார் சோழன் கிள்ளிவளவனிடம் நேராகவே சொல்கிறார்: மழை பொய்த்தாலும், விளைச்சல் குறைந்தாலும், உலகம் அரசனைத்தான் பழிக்கும். உழுகிறவனைக் காப்பாற்று என்று கேட்கிறார். அந்தப் பாட்டால் நிலவரிப் பாக்கி தள்ளுபடி ஆனது என்று பாட்டின் அடிக்குறிப்பு சொல்கிறது.

நவபாஷாணத்துக்குப் போவதை நான் விடப்போவதில்லை. கடலுக்குள் நிற்கும் அந்தக் கற்களைச் சுற்றி வரும்போது மனசு அடங்குகிறது. என் பெரியப்பா பஞ்சாங்கத்தைத் தினமும் புரட்டுவார். அமாவாசை, பௌர்ணமி எப்போது, கடல் எந்நேரம் ஏறும் என்று பார்க்க. புயலுக்குப் பாம்பன் துறைமுகத்தில் ஏற்றும் எச்சரிக்கைக் கூண்டைப் பார்ப்பார். மற்றதற்குப் பேப்பர் படிப்பார்.

அந்த அக்காவை மறுபடி பார்த்தால் சனி செவ்வாயைப் பற்றி இரண்டே வரிதான் சொல்வேன்: இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை வரும், போகும், உங்கள் மகன் பிறந்ததிலிருந்து எத்தனையோ தடவை வந்து போயிருக்கிறது. மகனுக்கு ஆபத்து எங்கே இருக்கிறது என்பதுதான் அவரோடு உட்கார்ந்து பேச வேண்டியது. 1974இலும் 1976இலும் இந்தியாவும் இலங்கையும் கடலில் இழுத்த எல்லைக் கோடு, அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் இழுவை மடியால் வற்றிப்போன மீன், ஜூன் 14இல் தடைக்காலம் முடிந்ததும் டீசல் கடனை அடைக்க ஒரே சமயத்தில் பாயும் நூற்றுக்கணக்கான படகுகள், அந்தப் பக்கம் தன் வலை அறுபடுகிறதே என்று கொதிக்கும் யாழ்ப்பாணத்து மீனவன். தம்பி படகு எந்தப் பக்கம் மடி இழுக்குதுக்கா, என்று முதலில் அதைக் கேட்பேன்.